செவ்வாய்க்கிழமைக்குள்ள ஒரு ரேடியேட்டர்

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல 'ஃபவுலிங் ஃபேக்டர்'னு ஒரு ரெண்டு மார்க் கேள்வி வரும். மெக்கானிக்கல் மக்களுக்குத் தெரிஞ்சிருக்கும். குழாய்ச் சுவரில் நாள்பட ஒரு படிவு சேரும், அது வெப்பத்தைத் தடுக்கும், அதைக் கணக்கில் சேர்க்க ஒரு எண். டேட்டா புக்கைத் திறந்தால் எண் கிடைச்சிடும், எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். அந்த எண்ணைப் போன மாசம் நான் கையால தொட்டுப் பார்த்தேன். பழுப்பு நிறம். நகத்தால சுரண்டினா காஞ்ச சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

எங்க ஊர் சங்கரன்கோவில் பக்கம். வீட்டில் ஒரு பழைய மாருதி 800 நிக்குது. 796 சிசி, மூணு சிலிண்டர். அதுக்கு வாரத்துல ரெண்டு நாள்தான் வேலை. செவ்வாயும் வெள்ளியும் அம்மாவை டயாலிசிஸுக்குத் திருநெல்வேலி கூட்டிட்டுப் போய், திரும்பக் கூட்டிட்டு வரணும். ஒரு பக்கம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல. போகும்போது பஸ் கூடப் பரவாயில்லை. நாலு மணி நேரம் மெஷின்ல இருந்துட்டு வரும்போது அம்மாவால கம்பியைப் பிடிச்சுட்டு நிக்க முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை, திரும்பி வரும் வழியில் மானூர் தாண்டினதும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறிடுச்சு. அப்பா ஓரங்கட்டி ஆறவிட்டு, பாட்டில் தண்ணிய ஊத்தி, நிறுத்தி நிறுத்தி வீடு வந்து சேர்ந்திருக்கார். ராத்திரி போன் பண்ணினார். "ரேடியேட்டர் ஒழுகுதுல. ஒர்க்‌ஷாப்ல வியாழக்கிழமைதான் ஆகும்ங்கான்."

நடுவில் செவ்வாய் இருந்தது. டயாலிசிஸைத் தள்ளிப் போட்டால் உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறிட்டே போகும். பொட்டாசியம் ரொம்ப ஏறினா இதயத் துடிப்பே தடுமாறும். சனிக்கிழமை திருநெல்வேலியில் இறங்கி, புது ரேடியேட்டர், மூடி, ரெண்டு ஹோஸ், கிளிப், கூலண்ட், அஞ்சு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் எல்லாம் வாங்கினேன். ரேடியேட்டரை மடியில் வச்சுக்கிட்டே பஸ்ஸில் ஊர் போனேன். கண்டக்டர் அதுக்கும் டிக்கெட் போடலாமான்னு யோசிச்ச மாதிரிதான் தெரிஞ்சது.

ஞாயிறு காலையில் ஆரம்பிச்சோம். என்ஜின் முந்தின நாளே ஆறியிருந்தது. இந்த வேலையில் முதல் விதி அதுதான். மூடியில் 0.9 பார்னு போட்டிருந்தா, அவ்வளவு அழுத்தம் வரைக்கும் அது உள்ளே பிடிச்சு வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணியே 119 டிகிரி வரை கொதிக்காது. சூட்டோட மூடியைத் திறந்தா அழுத்தம் சட்டுன்னு இறங்கும், உள்ளே இருக்கிறது அப்படியே கொதிச்சு முகத்துல அடிக்கும்.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டினோம். பழைய கூலண்டை டப்பில் வடிச்சோம். நாயைக் கட்டிப் போடச் சொன்னேன். கூலண்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், நாய் நக்கிடும். உடம்புக்குள்ள போனா அது கடைசியில் ஆக்சலேட் படிகமாகி சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்பா ஒண்ணும் பேசலை. டப்பில் இருந்ததை ஒரு சொட்டு சிந்தாம கேன்ல ஊத்தி, இறுக்க மூடி, மேல் அலமாரியில் வச்சார்.

ஃபேன் ஒயரைப் பிரிச்சு, ரெண்டு ஹோஸையும் உருவி, போல்ட்டைக் கழட்டித் தூக்கினோம். புதுசை விடப் பழசு கனம். உள்ளே எட்டிப் பார்த்தா பாதிக் குழாய் வாயே தெரியலை. ஓட்டையை விட இதுதான் பெரிய வியாதி. அலுமினியத்தோட வெப்பக் கடத்துத்திறன் 200க்கு மேல. இந்தச் சுண்ணாம்புப் படிவுக்கு ரெண்டு, மூணுதான்.

"கெணத்துத் தண்ணிதானல ஊத்துனேன்? நாமளும் அதத்தான குடிக்கோம்?"னு அப்பா கேட்டார்.

எனக்கு டயாலிசிஸ் சென்டர்தான் ஞாபகம் வந்தது. அங்க ஒரு ரூம் முழுக்க ஆர்.ஓ. பிளான்ட் இருக்கும், அப்பாவும் பார்த்திருக்கார். அம்மா கை பக்கத்தில் மாட்டுற டயாலைசரும் ஒரு வகையில் ரேடியேட்டர்தான். உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள். குழாய்க்குள்ள ரத்தம் போகும், வெளியே டயாலிசேட் எதிர்த் திசையில் ஓடும். ரேடியேட்டர்ல வெப்பம் கைமாறுது, அதில் கழிவு கைமாறுது. நாம குடிக்கிற தண்ணி அந்த மெஷினுக்கு ஆகாது. அதில் கால்சியம் இருந்தா நேரா ரத்தத்துக்குப் போய், வாந்தி, தலைவலி, பிரஷர்னு கொண்டு வந்துடும். வண்டி அந்த அளவுக்கு நோயாளி இல்லைதான். ஆனா சுட வச்ச உப்புத் தண்ணி பாத்திரத்தில் என்ன பண்ணும்னு நம்ம வீட்டு வெந்நீர்ப் பானையைப் பார்த்தாலே தெரியும்னு சொன்னேன்.

அப்பா டிஸ்டில்டு வாட்டர் கேனை எடுத்து, மார்க்கரால 'வண்டிக்கு மட்டும்'னு எழுதினார்.

புதுசை மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு பயம் பாக்கி இருந்தது. சூடேறின வண்டியில் ஹெட் கேஸ்கெட் போயிருந்தா ரேடியேட்டர் மாத்தியும் பிரயோஜனம் இல்லை. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தோம். ஆயிலில் தண்ணி கலந்திருந்தா பால் ஊத்தின காப்பி நிறத்துக்கு வரும். வரலை, கருப்பாவே இருந்தது. ரெண்டு பேருக்கும் அப்பதான் மூச்சு வந்தது.

மாட்டுறது ஈஸி, காத்தை வெளியேத்துறதுதான் பொறுமை வேலை. கூலண்டும் தண்ணியும் பாதிக்குப் பாதி. மூடியைத் திறந்து வச்சு நிரப்பி, ஆறின என்ஜினை ஐடிலில் ஓட விட்டு, ஹீட்டரை முழுசா வச்சோம். கொஞ்ச நேரத்தில் தெர்மோஸ்டாட் திறந்தது. மேல் ஹோஸ் சூடாச்சு, குமிழ் வந்தது, மட்டம் இறங்கினது, திரும்ப ஊத்தினோம். குமிழ் நின்னதும் புது மூடியைப் போட்டோம். நான் ஃபேனையே பார்த்துட்டு நின்னேன். அது சுத்த ஆரம்பிச்சதும் அப்பா "ஓடுதுல!"ன்னு கத்தினதில் அடுப்படியில இருந்து அம்மா எட்டிப் பார்த்தாங்க.

செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன். போக வர முள் நடுவுக்குக் கீழேயே நின்னுது. மானூர் வந்ததும் பின் சீட்டில் இருந்து அம்மா, "இங்கனதான் அன்னைக்கு நின்னோம்"னாங்க. அம்மாவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணின்னு அளவு உண்டு. அன்னைக்கு ரேடியேட்டர்ல ஊத்தின பாட்டில் அம்மாவோடது. வெயில்ல உக்காந்து அதைப் பார்த்துட்டு இருந்திருக்காங்க. அதை அப்பதான் சொன்னாங்க.

உங்க வீட்டிலும் வண்டி இருந்தா, அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப என்ஜின் ஆறினதும் ரிசர்வ் டேங்கை ஒரு தடவை பாருங்க. கூலண்ட் சும்மா குறையாது. மாசா மாசம் தண்ணி ஊத்த வேண்டியிருக்குன்னா, அது எங்கேயோ போயிட்டு இருக்கு. எங்கேன்னு வீட்டில் இருக்கும்போதே கண்டுபிடிச்சிடுங்க.