சேதாரக் கணக்கு

பொன்னகை வாங்கும் நம்மவர் எவரும் கூலியோடு சேதாரத்திற்கும் பணம் கொடுத்த பின்னரே கடைப்படி இறங்குகின்றனர். உருக்கும்போதும் அராவும்போதும் சிதறும் துகளின் விலை, நல்ல நகையின் விலையிலேயே ஏறிவிடுகிறது. கணக்கியலார் இதனை ‘இயல்பான சேதம்’ என்பர்.

பத்து காவானுக்கு இக்கணக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பும், பின்னர் ரப்பரும் செம்பனையும் விளைந்த மண் இது. ரப்பர்க் காலத்தில் மங்கிலேயே உறைந்த பால், கட்டிப்பாலாகிக் குறைந்த விலைக்குப் போயிற்று. 2014-இல் இரண்டாம் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. தோட்டங்கள் இருந்த பகுதியில் இன்று தொழிற்பேட்டை எழுந்து நிற்கிறது.

தொழிற்சாலைகள் கையாளும் நிறையிட்ட சராசரி முறை, பால் தொட்டியை ஒத்தது. சென்ற மாதம் அரைகுறையாக நின்ற பொருள்களின் செலவும் இம்மாதச் செலவும் ஒன்றாகக் கலக்கின்றன. எத்துளி எவர் மங்கிலிருந்து வந்தது என்று பின்னர்ப் பிரித்தறிய இயலாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பழைய இருப்பும் சேர்த்துப் பொருள்கள் 1,000; மொத்தச் செலவு 10,000 ரிங்கிட். ஆகவே ஒன்றுக்கு 10 ரிங்கிட். இறுதிச் சோதனையில் 900 தேறின, 100 கழிந்தன. தேறியவற்றில் நூற்றுக்கு ஐந்து வீதம், அதாவது 45, இயல்பான சேதம் என்று முன்பே வகுத்திருந்தால், அதன் 450 ரிங்கிட் 900-இன்மீது ஏறும். நல்ல பொருளின் அடக்கவிலை 10.50 ஆகும். எஞ்சிய 55-க்குரிய 550 ரிங்கிட் நட்டக் கணக்கில் தனித்து நிற்கும். அதற்கு யாரேனும் காரணம் கூறியாக வேண்டும்.

நூறும் இயல்பே என்று எழுதிவிட்டாலோ, அடக்கவிலை 11.11 ஆகும், நட்டக் கணக்கு வெறுமையாகும். கழிந்தவை அதே நூறுதான். கேள்வி மட்டும் மறைந்துவிடுகிறது. ஆதலின், அந்த ‘நூற்றுக்கு ஐந்தை’ வகுத்தவர் யார், எதனைக்கொண்டு வகுத்தார் என்பதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. சென்ற ஆண்டின் அலட்சியத்தை அளவுகோலாகக் கொண்டால் அலட்சியமே இயல்பாகிவிடும்.

(பிரிட்டிஷ் இந்தியாவின் கல்விநிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழு, 1929-இல், தொடக்கக் கல்வியை முடிக்காமல் நின்றுவிடும் நிலையை ‘வீணாதல்’ என்றே குறித்தது. பிள்ளைகளைப் பற்றிய அச்சொல் எனக்கு உவப்பன்று. எனினும் அவ்விழப்பைச் சேர்க்கைத் தொகையில் கரையவிடாமல் அக்குழு பிரித்துக் காட்டியது.)

சோதனை எக்கட்டத்தில் நடைபெறுகிறது என்பதும் கருதத்தக்கது. இறுதியில் கண்ட பழுது முழுச் செலவையும் விழுங்கியிருக்கும். மூலப்பொருளைத் தொடக்கத்திலேயே இடும் தொழிலில், பாதி வழியில் பழுதைக் கண்டால் மூலப்பொருள் முழுதும் போகும். கூலியிலும் மின்சாரத்திலும் பாதியேனும் மிஞ்சும்.