ரெண்டு மாயாவியும் ஒரு லாங் சைஸ் நோட்டும்

மாயாவின்னு சொன்னா உங்களுக்கு எந்த மாயாவி ஞாபகத்துக்கு வருவார்? சொல்லுங்க, அதை வெச்சே உங்க வீட்டுல எந்தப் புத்தகம் வாங்கினாங்கன்னு சொல்லிடறேன். மின்சாரம் பாய்ஞ்சா உடம்பு மறைஞ்சு போய் ஒரு கை மட்டும் அந்தரத்துல திரியுமே, அவரா? நீங்க முத்து காமிக்ஸ் கோஷ்டி. இல்லை, மண்டையோட்டு மோதிரம், முகமூடியோட குதிரை மேல காட்டுக்குள்ள போறவரா? அப்போ ராணி காமிக்ஸ். இந்த ரெண்டாவது ஆசாமிக்கு முத்து காமிக்ஸ்ல பேர் வேதாளர். ஆக, ஒரே ஆளுக்கு ரெண்டு பேர், ஒரே பேர்ல ரெண்டு ஆள். பட்டியல் போடறவன் பாடு திண்டாட்டம்தான்.

எனக்குப் பல வருஷமா இந்த வேலைதான் பொழுதுபோக்கு. படக்கதைத் தொடர்களை வரிசைப்படுத்தி ஒரு லாங் சைஸ் நோட்டுல எழுதறது. இப்போ கொஞ்ச நாளா அதுல ஜப்பான் கார்ட்டூன்களும் (அனிமேன்னு சொல்லணுமாம், அக்கா பையன் திருத்தறான்) சேர்ந்துக்கிச்சு. "நம்பர் போட்டு எழுத வேண்டியதுதானே, இதுல என்னய்யா பெரிய விஷயம்"னு கேக்கறவங்களுக்காகத்தான் இவ்வளவும்.

நோட்டு முதல்ல என்னுது இல்லை. ராணிப்பேட்டையில ஒரு டேனரியில 30 வருஷம் தோல் தரம் பிரிச்ச ஒரு அண்ணனோடது. வெட் ப்ளூ தோலைக் குவிச்சு வெச்சிருப்பாங்க, ஒவ்வொண்ணா விரிச்சு, தடவிப் பார்த்து, இது ஷூ மேல்பாகத்துக்கு, இது லைனிங்குக்கு, இது கழிவுன்னு பிரிக்கணும். அந்தக் கையால பிரிச்சதுதான் அவரோட காமிக்ஸும். "தோல்ல பேர் எழுதியிருக்காது தம்பி, தடவிப் பார்த்துதான் தெரிஞ்சிக்கணும். புக்குல பேர் எழுதியிருக்கும், ஆனா அதை நம்பிடக் கூடாது"ம்பார்.

ஏன் நம்பக் கூடாதுன்னு பாருங்க. முத்து காமிக்ஸ் 1972-ல சிவகாசியில ஆரம்பிச்சப்போ முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்துல 1962-ல வேலியன்ட் வார இதழ்ல வந்துகிட்டிருந்த 'தி ஸ்டீல் க்ளா' தொடர்தான் அது. அங்கே பேர்ல கை மட்டும்தான், மாயாவி நம்ம ஊர்க்காரங்க வெச்சது. வேதாளரோ 1936-ல லீ ஃபாக் அமெரிக்கப் பத்திரிகைகளுக்காக உண்டாக்கின 'ஃபேன்டம்'. ரெண்டு பேருக்கும் ஸ்நானப்ராப்தி கூடக் கிடையாது. ஜானி கதையும் இதே. ஜானி நீரோ ஒருத்தர், ரிப்போர்ட்டர் ஜானி வேற ஒருத்தர். பின்னவர் பிரெஞ்சு மொழியில ரிக் ஓஷே. நீங்க "ஜானி புக் இருக்கா"ன்னு பழைய புத்தகக் கடையில கேட்டீங்கன்னா கடைக்காரர் தர்றது உங்க அதிர்ஷ்டம்.

இதுல ரெண்டு கட்சி உண்டு. மூலப் பேரைத்தான் தலைப்பா போடணும், அதுதான் சுத்தம்னு ஒரு கட்சி. தமிழ்ல வந்த பேர்லதான் போடணும்னு இன்னொண்ணு. நான் ரெண்டாவது கட்சி, அதுவும் முரட்டுத்தனமா. ஏன்னா தேடி வர்றவன் வாயில இருக்கற பேர் எதுவோ அதுதானே அவனுக்கு வாசல்? கேப்டன் டைகரைத் தேடி வர்றவனைப் 'ப்ளூபெர்ரி'ங்கற எழுத்துல நிறுத்தி வெச்சா அவன் திரும்பிப் போயிடுவான். மூலப் பேரை அடுத்த கட்டத்துல எழுதலாம், யார் வேணாங்கறா. வேதாளர் பக்கத்துல "ராணியில மாயாவி"ன்னும், ராணி மாயாவி பக்கத்துல "முத்துவில வேதாளர்"னும் குறிப்பு இருக்கணும். அவ்வளவுதான் தந்திரம். அண்ணன் இதைச் சிவப்பு மையில எழுதியிருப்பார்.

என் ஊரையே எடுத்துக்குங்களேன். சோளிங்கர். பழைய ஆளுங்க சோழசிங்கபுரம்பாங்க. பெருமாள் கோயில் பட்டியல்ல தேடினா திருக்கடிகைன்னு இருக்கும். வட ஆர்க்காட்டுல இருந்தோம், 1989-ல அதை ரெண்டாப் பிரிச்சாங்க, அப்புறம் வேலூர் மாவட்டம்னு ஆச்சு, 2019-ல ராணிப்பேட்டை மாவட்டம்னாங்க. ஊர் அங்கேயேதான் இருக்கு, மலை அங்கேயேதான் இருக்கு. சோளிங்கர்னு போர்டு போட்ட ரயில்வே ஸ்டேஷன் மட்டும் ஊர்ல இல்லை, பாணாவரம் பக்கத்துல, பல கிலோமீட்டர் தள்ளி இருக்கு. பேரை மட்டும் பார்த்து ரயிலேறி வந்த மாப்பிள்ளை வீட்டாரைக் கேளுங்க, பட்டியலோட அருமை தெரியும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பேரைவிட பெரிய தலைவலி வரிசை.

டைகர் கதைகள்ல நான் முதல்ல படிச்சது 'தங்கக் கல்லறை'. எனக்கு அதுதான் முதல் கதை. பிரான்ஸ்காரனுக்கு அது 11-வதும் 12-வதும் ஆல்பம். அந்தத் தொடர் அங்கே 1963-லயே ஆரம்பிச்சாச்சு. நம்ம 'மின்னும் மரணம்' அதுக்கு அடுத்த 13-ல இருந்து கிளம்புது. போதாக்குறைக்கு டைகரோட வாலிப வயசுக் கதைகள்னு தனியா ஒரு தொடர், அதை அங்கேயே பின்னாலதான் வரைய ஆரம்பிச்சாங்க. இப்போ நோட்டுல எது 1? பிரான்ஸ்ல வந்த வரிசையா, தமிழ்ல வந்த வரிசையா, டைகர் வயசு வரிசையா? முத்து காமிக்ஸ் கதைகளே காமிக்ஸ் கிளாசிக்ஸ்னு தனி வரிசையில மறுபடி வந்திருக்கு. கதை ஒண்ணு, இதழ் எண் ரெண்டு.

மூணு வரிசையையும் எழுதிப் பார்த்தேன். தமிழ்ல வந்த வரிசைதான் முன்னால நிக்கணும், அதுல சந்தேகமே இல்லை. கையில கிடைக்கற புத்தகத்தோட அட்டையில இருக்கற எண்தான் நிஜம். மத்ததெல்லாம் அறிவு.

இதை அக்கா பையன் ஒத்துக்க மாட்டான். "மாமா, கதை வரிசையில போடலைன்னா புதுசா வர்றவனுக்கு ஒண்ணும் புரியாது." அவனுக்கு பாலிடெக்னிக்கில நாலு சிநேகிதனுங்க. 2025 செப்டம்பர்ல டீமன் ஸ்லேயர் 'இன்ஃபினிட்டி காசில்' படம் தமிழ்லயே தியேட்டருக்கு வந்ததே, அதுக்கு எல்லாரும் கிளம்பினாங்க. அதுல ரெண்டு பேர் முன்கதை ஒரு எபிசோடு கூடப் பார்க்காதவங்க. படமோ எடுத்த எடுப்பிலேயே சண்டைக்கு நடுவுல ஆரம்பிக்குது. "யார்ரா இவன், ஏன்டா அழுவறான்"னு ரெண்டரை மணி நேரம் காதைக் கடிச்சிட்டானுங்களாம். வீட்டுக்கு வந்ததும் பையன் என் நோட்டுல ஒரு தாள் கேட்டான்.

அவன் போட்ட வரிசையைப் பார்த்து எனக்கே தலை சுத்திச்சு. 2019-ல 26 எபிசோடு. அதுக்கு அடுத்த கதை 2020-ல சினிமாவா வந்தது, ரயில் கதை. அதே ரயில் கதையை 2021-ல 7 எபிசோடா வெட்டி டிவியிலயும் போட்டுட்டாங்க. ரெண்டையும் வரிசையா எழுதினா புதுசா வர்றவன் ஒரே ரயில்ல ரெண்டு தடவை ஏறுவான். ஒண்ணை விட்டா, "இது ஏன் இல்லை"ன்னு கேப்பான். பையன் ஒரே எண்ணுல ரெண்டையும் எழுதி நடுவுல "அல்லது"ன்னு போட்டிருந்தான். நம்ம மறுபதிப்பு விவகாரத்துக்கு இவ்வளவு லேசான வழி எனக்குத் தோணவே இல்லை, அங்கேயே சுட்டுட்டேன். இப்போ நோட்டு முழுக்க ஏகப்பட்ட "அல்லது" :-)

ஆனா கதை வரிசைதான் வேதம்னு அவன் ஆடினப்போ ஒரு கேள்வி கேட்டேன். 2006-ல 'ஹருஹி சுசுமியா'ன்னு ஒரு தொடர். 14 எபிசோடு. தயாரிச்சவங்களே கதையைக் காலவரிசை இல்லாம கலைச்சுப் போட்டு ஒளிபரப்பினாங்க. 2009-ல புதுசா 14 சேர்த்து, 28 எபிசோடையும் காலவரிசைப்படி போட்டாங்க. இதுல எது சரியான வரிசை? பையன் கம்முனு போயிட்டான். ரெண்டு நாள் கழிச்சு, "முதல் தடவை கலைச்சது, ரெண்டாம் தடவை வரிசை"ன்னான். கெட்டிக்காரன்தான், என் அக்கா பையனாச்சே. ('டிடெக்டிவ் கோனன்' பத்தி மட்டும் அவன்கிட்ட கேக்காதீங்க. ஒரு மணி நேர ஸ்பெஷலை ஜப்பான்ல ஒரு எபிசோடா எண்ணுவாங்க, ஆங்கிலத்துக்குப் போறப்போ துண்டு போட்டு எண்ணுவாங்க, ஆயிரத்தைத் தாண்டின தொடர்ல எண்ணே ஒத்துப் போகாது. அழுதுடுவான்.)

அடுத்தது பேச்சு. கதை படிச்சா பேசணும், பேசாம எப்படி இருக்கறது? ஆனா பேச்சுலதான் அடிதடியே. அண்ணன் நோட்டுல இடது பக்கம் விவரம், வலது பக்கம் காலி. புத்தகம் இரவல் வாங்கினவங்க திருப்பித் தர்றப்போ ரெண்டு வரியாவது அபிப்ராயம் எழுதணும், அதுதான் வாடகை. முதல்ல ஹீரோவுக்கு ஒரு பக்கம்னு விட்டிருந்தார். 'இரத்தப் படலம்' வந்தது, பிரச்னையும் வந்தது. ஞாபகம் இழந்த ஒருத்தன் தான் யாருன்னு தேடற கதை அது, பாகம் பாகமா. 1980-கள்ல லயன் காமிக்ஸ்ல ஆரம்பிச்சு, 18 பாகமும் ஒரே தலையணை சைஸ் புத்தகமா கைக்கு வர 2010 ஆச்சு. ஒருத்தர் நாலாம் பாகம் வரைக்கும் படிச்சிருப்பார், இன்னொருத்தர் ஒண்ணாம் பாகத்துல நிப்பார். ஒரே பக்கத்துல எழுதினா ஒருத்தர் கண்டுபிடிச்சது இன்னொருத்தருக்கு விஷம்.

அண்ணன் செஞ்சது ரொம்ப சாதாரணம். பாகத்துக்கு ஒரு பக்கம். கதையோட முடிச்சைப் பத்தி எழுதறவங்க பக்கத்தோட அடிப்பாகத்துல எழுதி, அதை மேல் பக்கமா மடிச்சு ஒரு குண்டூசி குத்தணும். படிச்சவன் மட்டும் குண்டூசியை எடுப்பான். பசங்களுக்கு நோட்டு கிடையாது, டீக்கடை பெஞ்சுதான். அவங்க சட்டம் வேற: வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தனும் தான் பார்த்த எபிசோடு நம்பரைச் சொல்லணும், இருக்கறதுலயே குறைஞ்ச நம்பர்தான் அன்னைக்குப் பேச்சோட எல்லை. வேகமா பார்க்கறவனுக்கு எரிச்சல்தான். ஆனா கூட்டம் உடையலை. ரயில் கதையோட முடிவை ஒருத்தன் உளறினதுல மூணு மாசம் பேசாம இருந்த ரெண்டு பேர் இப்போ அந்த பெஞ்சுலதான் உக்கார்றாங்க. (என்ன முடிவுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க எத்தனாவது எபிசோடோ, யார் கண்டது.)

2021 நவம்பர்ல பாலாறு பொங்கி வந்தது ஞாபகம் இருக்கும். பல வருஷமா மணலை மட்டுமே பார்த்த ஆறு. அண்ணன் வீடு தாழ்வான தெரு. ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகலை, அதுவரைக்கும் சந்தோஷம். கட்டிலுக்கு அடியில இருந்த மூணு டிரங்குப் பொட்டியும் ரெண்டு நாள் தண்ணிக்குள்ள. அந்தக் காலத்து சாணித்தாள் எப்படித் தாங்கும்? திறந்து பார்த்தப்போ புத்தகம்னு எதையும் பிரிச்செடுக்க முடியலை, ஒரே களி. நோட்டு மட்டும் என் வீட்டுல இருந்தது, நகல் எடுக்க வாங்கிட்டு வந்திருந்தேன்.

நாங்க சில பேர் சேர்ந்து கிடைச்சதை வாங்கித் தர்றோம்னு சொன்னோம். வேணாம்னுட்டார். "இன்னா தம்பி, திரும்ப அதையே படிக்கவா போறேன்? என்னென்ன இருந்துச்சின்னு தெரிஞ்சா போதும்." அப்புறம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அக்கா பையன் போய் நோட்டை வாசிக்க ஆரம்பிச்சான். அப்போ அவன் பள்ளிக்கூடத்துல படிச்சுகிட்டிருந்தான். ஒரு வரி வாசிப்பான், அவர் கண்ணை மூடிக்கிட்டு அந்தக் கதையைச் சொல்லுவார், இவன் வலது பக்கத்துல எழுதிக்குவான். சில கதைங்க இப்போ எங்ககிட்ட அந்த நாலு வரியாத்தான் இருக்கு. இதழ் எண், பேர், விலை, நாலு வரி. லைப்ரரியில கேட்டுப் பார்த்தேன், அந்தக் காலத்து காமிக்ஸ் எதையும் சேர்த்து வைக்கலைன்னாங்க.

இப்போ அதையெல்லாம் பையன் போன்ல அட்டவணையா ஏத்திட்டான். "மாயாவி"ன்னு அடிச்சா ரெண்டு பேரும் வர்றாங்க, பக்கத்துல குறிப்போட. அண்ணன்கிட்ட காட்டினான். சிவப்பு மை எங்கேன்னு கேட்டார். அதையும் சிவப்பாக்கிட்டான்.

ஒரு வரி மட்டும் இழுபறியில இருக்கு. 1992-ல யூகோ சாகோவும் நம்ம ராம் மோகனும் சேர்ந்து எடுத்த ராமாயணக் கார்ட்டூன், 2025 ஜனவரியில இங்கே தமிழ்லயும் தியேட்டருக்கு வந்துச்சே, அதை எந்தப் பக்கத்துல போடறது? ஜப்பான் பக்கம்தான்னு பையன். கதை யாரோடது, ராமர் எந்த ஊர்னு அண்ணன். ரெண்டு பக்கத்துலயும் எழுதிக் குறிப்பு போடலாம்னு நான் சொன்னேன், ரெண்டு பேருமே கேக்கலை.

அது கிடக்கட்டும். என்கிட்ட இப்போ ஓட்டையா நிக்கறது ராணி காமிக்ஸ். 1984 ஜூலைல ஆரம்பிச்சது, லயனும் அதே மாசம்தான். மாசம் ரெண்டுன்னு 2005 வரைக்கும் வந்தது, நடுநடுவுல நோட்டு வெறுமையா இருக்கு. உங்க வீட்டுப் பரண்ல ஏதாவது கிடந்தா, புத்தகத்தைத் தர வேணாம். அட்டையில இருக்கற எண், மாசம், ஹீரோ பேர், இந்த மூணையும் பார்த்துச் சொல்லுங்க. மாயாவின்னு இருந்தா மட்டும், எந்த மாயாவின்னு மறக்காம பார்த்துடுங்க.