ஒரு பாட்டில் பெட்ரோல்



என் மனைவியின் தம்பிக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலக்கால் சூம்பிப் போயிற்று. இரும்புக் காலிப்பர் அணிந்து ஊன்றுகோலுடன் நடப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர் ஒன்று அரசிடமிருந்து அவருக்குக் கிடைத்தது. அதுவரை யாராவது அழைத்துச் சென்றால்தான் ஜும்ஆவுக்கே வர இயலும் என்றிருந்தவர், மறுவாரமே தனியாகப் பள்ளிவாசல் வாசலில் வந்து நின்றார். அன்று அவர் முகத்தில் கண்ட ஒளியை நான் மறக்கவில்லை.

வாணியம்பாடியில் உறவினர் வீட்டு நிகாஹ் ஒன்று வந்தது. "பஸ்ல ஏத்தி இறக்கி எல்லாருக்கும் சிரமம் மச்சான். நான் என் வண்டியிலயே வர்றேன்" என்றார். எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து அயோத்தியாப்பட்டணம், மஞ்சவாடிக் கணவாய், அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாக நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். நான் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவதாக ஏற்பாடு. என் வண்டி பழையது. பெட்ரோல் தீரும் தறுவாயில் குழாயை ரிசர்வுக்குத் திருப்பிக்கொள்ளலாம். (ரிசர்வ் என்பது தனித் தொட்டியன்று. ஒரே தொட்டியில் உயரமும் தாழ்வுமாக இரண்டு வாய்கள். உயர்ந்த வாய் வற்றியபின் தாழ்ந்த வாய் கொடுக்கிறது. இதை நான் பாடத்தில் பலமுறை உவமையாகச் சொன்னதுண்டு.) அவருடைய ஸ்கூட்டரில் அந்த வசதி இல்லை, ஒரு முள் மட்டுமே உண்டு.

புறப்படுவதற்கு முதல் நாள், "ரெண்டு லிட்டர் கையில வச்சிக்கலாம் மச்சான்" என்றார். வழியெங்கும் பங்க் இருக்கிறதே என்றேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "என் வண்டிக்கு பெட்ரோல் மூடி சீட்டுக்குக் கீழ இருக்கு. பங்க்ல நான் இறங்கி, ஊன்றி நின்னு, சீட்டைத் தூக்கணும். பின்னால நிக்கிறவன் ஹாரன் அடிப்பான். எங்கயாவது மரத்தடியில நிறுத்தி, நிதானமா நாமளே ஊத்திக்கிட்டா நல்லது."

இத்தனை ஆண்டுகள் பழகியும் இது எனக்குத் தோன்றியதில்லை. லடாக் செல்லும் நம் இளைஞர்கள் வண்டியின் பக்கவாட்டில் கேன்களைக் கட்டுகிறார்கள். மணாலியைத் தாண்டித் தாண்டி என்னும் ஊரிலுள்ள பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அவர்களது தேவை வேறு. இவருக்கோ, பத்து கிலோமீட்டருக்கு ஒரு பங்க் இருந்தாலும் அதுவே மலைப்பாதைதான்.

ஆகவே நானே பெட்ரோல் வாங்கச் சென்றேன். பாட்டிலில் பெட்ரோல் தரப்படமாட்டாது என்று பலகை தொங்கியது. பிடித்துக் கொடுக்கும் இளைஞர் என்னிடம் ஓதிய மாணவர். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலை நீட்டினேன். "ஹஜ்ரத்..." என்று பலகையைப் பார்த்தார். "அவசரம்பா" என்றேன். வேறொன்றும் பேசாமல் கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தார். அந்தப் பாட்டிலைத் துணிப்பையில் சுற்றி, ஸ்கூட்டரில் மைத்துனரின் கால்களுக்கிடையே வைத்தோம்.

மே மாத வெயில். மஞ்சவாடிக் கணவாயில் ஏறி இறங்கியதும் பாப்பிரெட்டிப்பட்டிக்கு முன்பாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். பாட்டில் உப்பி விறைத்திருந்தது. மூடியைத் திருகினேன். சீறிக்கொண்டு பெட்ரோல் பீறிட்டு என் கையிலும் அவருடைய பேண்ட்டிலும் காலிப்பரிலும் தெறித்தது. பத்தடி தொலைவில் லாரியை நிறுத்தியிருந்த ஓட்டுநர் ஒருவர் பீடி பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தவர், எங்களைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மடியில் செருகிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அந்த மனிதருக்காக இன்றும் துஆச் செய்கிறேன்.

ஒன்றும் நடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எனக்குக் கை நடுங்கிற்று. தீப்பற்றியிருந்தால் நான் துள்ளிக் குதித்து ஓடியிருப்பேன். அவரால் ஊன்றுகோலைத் தேடிப் பிடித்து எழுந்திருக்கத்தான் முடிந்திருக்கும். அவர் கால்களுக்கிடையே அதை வைத்தது நான்.

லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் சென்றோம். பெட்ரோல் நஜீஸ் அன்று. பட்டால் தொழுகை கெடாது. ஆயினும் பச்சை வெங்காயம் தின்ற வாடையுடன் பள்ளிக்கு வருவதையே மார்க்கம் வெறுக்கிறது. வேட்டியை மாற்றிய பின்பும் வாடை போகாததால் இருவரும் வெளித்திண்ணையிலேயே தொழுதோம்.

ஊர் திரும்பியபின் விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றைச் சொல்கிறேன். உறைபனிக் குளிரிலும் பெட்ரோலிலிருந்து பற்றக்கூடிய ஆவி எழும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது, கால் வைக்கும் பலகையிலேயே தங்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் பெட்ரோல் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு விரியும். கழுத்துவரை நிரப்பிய பாட்டிலில் அது விரிய இடமேது? பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் தேங்கி நிற்கும். ஒரு சிறு பொறி போதும். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், விற்பனைக்கல்லாமல் சொந்தத் தேவைக்கு 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்துக்கொள்ள இசைகிறது. ஆனால் பாத்திரம் இறுக மூடிய கண்ணாடியோ பீங்கானோ உலோகமோ ஆக இருக்க வேண்டும். முதல் இரண்டும் 1 லிட்டருக்கு மேற்படக் கூடாது, உலோகம் 25 லிட்டருக்கு மேற்படக் கூடாது. குளிர்பான பாட்டிலுக்கு அதில் இடமில்லை.

யமன் நாட்டவர் சிலர் உணவு எடுக்காமல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, நாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று சொல்லி, மக்காவில் வந்து கையேந்தினார்கள் என்பதும், அதையொட்டியே பயணத்துக்குக் கட்டுச்சாதனம் எடுத்துக்கொள்ளப் பணிக்கும் வசனம் இறங்கிற்று என்பதும் நாம் அறிந்தவை. இதை நான் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறேன். ஆனால் மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு குடும்பத்தாருடன் எரிந்தபோது, நெருப்பு உங்களுக்குப் பகை என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தியை அதனுடன் சேர்த்து நடத்தியதில்லை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில்பெட்டி எரிந்து 9 பேர் மாண்டனர். லக்னோவிலிருந்து கோயில்களைத் தரிசிக்க வந்தவர்கள். தேநீர் போடச் சிலிண்டரைப் பெட்டிக்குள் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களும் கட்டுச்சாதனம் என்று எண்ணித்தானே எடுத்திருப்பார்கள்?

இப்போது எங்களிடம் ஐந்து லிட்டர் இரும்புக் கேன் ஒன்று இருக்கிறது. நான்கு லிட்டருக்கு மேல் நிரப்புவதில்லை. அது என் வண்டியின் பின்புறம், வெளிக்காற்றில், பெல்ட்டால் இறுக்கிக் கட்டப்பட்டு வரும். மைத்துனரின் ஸ்கூட்டரில் வைப்பதில்லை. வண்டி ஆறிய பின்பே ஊற்றுவோம். உண்மையில் அதை ஊற்றும் தேவை குறைந்துவிட்டது. பங்க்குக்குள் நானே முன்னால் போய் நின்று, அவர் இறங்கிச் சீட்டைத் தூக்கும்வரை பின்னால் வருபவர்களிடம் "ஒரு நிமிஷம் தம்பி" என்று சொல்கிறேன். ஹாரன் அடித்தவர் இதுவரை ஒருவரே.

அந்த மாணவரிடம் மன்னிப்புக் கேட்கப் போக எனக்கு மூன்று வாரமாயிற்று. சட்டம் தெரிந்தும் என்னை மதித்துத்தானே மீறினார்? மாட்டியிருந்தால் வேலை போயிருக்கும். சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க கேட்டா எப்படி ஹஜ்ரத் மறுக்கிறது?" என்றார். பிறகு என் கையிலிருந்த கேனை வாங்கி, வண்டியிலிருந்து எட்டத் தள்ளித் தரையில் வைத்து நிரப்பினார். நான்கு லிட்டரில் நிறுத்தச் சொன்னேன். அவர் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார்.