முகம் திறந்திருக்கும் தீவு

தை மாதத்து விடியலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் நிற்கத்தான் இடம் இருந்தது. சிப்காட் ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் சாப்பாட்டுப் பை, பாதிப் பேர் கண்ணில் தூக்கம். பொன்னேரியில் நான் இறங்கிக்கொண்டேன். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து, ஏறக்குறைய 20 கிலோமீட்டர்.

தீவுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, அந்தமானா என்று கேட்டார்கள். திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஒரு தீவு இருப்பது இங்கே பிறந்து வளர்ந்த பலருக்கும் தெரியாது. காட்டுப்பள்ளித் தீவுக்குக் கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும், தெற்கே எண்ணூர்க் கழிமுகம், வடக்கே பழவேற்காட்டு முகத்துவாரம். தென்கோடியைத் துறைமுகங்கள் நிறைத்துவிட்டன. வடகோடியில் இன்னும் குப்பங்களும் மணலும் இருக்கின்றன. நான் போனது அந்த வடகோடிக்கு.

பழவேற்காட்டு ஊருக்குள் முதலில் டச்சுக் கல்லறைத் தோட்டம். வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வணிகம் இங்கிருந்துதான் நடந்தது. பழவேற்காட்டுக் கட்டம்போட்ட துணி கீழைத் தீவுகள்வரை போனது. பஞ்சத்தில் விற்கப்பட்ட மனிதர்களும் இதே துறையில்தான் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். கல்லறைக் கற்களில் டச்சுக்காரர்களின் பெயர்கள் அழகான எழுத்தில் இருக்கின்றன. கப்பலேறியவர்களின் பெயர் எங்கும் இல்லை. அந்த இடத்தில் நெடுநேரம் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

ஊரிலிருந்து தீவுக்கு ஏரியின் மேல் போகும் பாலத்தில் நடந்துதான் போக வேண்டும். வண்டியில் போனால் எதுவும் கண்ணில் தங்காது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்புநீர் ஏரி இது. வடக்கே தூரத்தில் வெளிர்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. தொலைநோக்கியை வைத்துப் பார்த்தால் அத்தனையும் பூநாரைகள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்றை வடிகட்டி இரை தின்கின்றன. தின்னும் பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும்தான் அந்தச் சிவப்பு இறகில் ஏறுகிறது. ஐப்பசி முதல் பங்குனிவரை பார்க்கலாம்.

பாலத்துக்குக் கீழே இடுப்பளவு நீரில் இருளர் பெண்கள் நால்வர் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது. இரண்டு கையும் சேற்றுக்குள், ஓலைப் பறி பல்லிடுக்கில். இறால் கையில் தட்டியதும் எடுத்துப் பறிக்குள் போடுவது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. பல்லில் பறி இருப்பதால் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. கால்மணி நேரம் பார்த்தேன். படம் எடுக்கக் கை போகவில்லை.

லைட்ஹவுஸ்குப்பம் தாண்டியதும் கடல். மணல் அகலமாக, ஆளரவமில்லாமல் கிடக்கிறது. நண்டு வளைகள், காயவைத்த வலை, நிழலுக்கு இழுத்துப் போட்ட படகு. குளிக்க ஆசை வரும், ஆனால் இறங்காதீர்கள். இழுப்பு அதிகம். படகுச் சவாரியும் வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதன்பின் உல்லாசச் சவாரிக்குத் தடை. யாராவது ரகசியமாகக் கூப்பிட்டாலும் போகக் கூடாது.

கரையோடு வடக்கே நடந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "எங்கம்மா தனியா போற?" என்றார். முகத்துவாரம் பார்க்க என்றேன். சிரித்தார். "எல்லாரும் பறவை பாக்க வருவாங்க. நீ முகத்தைப் பாக்க வந்திருக்க. முகம் தெறந்திருந்தாதாம்மா ஏரிக்கு உசுரு."

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு ஓதத்தோடு முகம் வழியாக ஏரிக்குள் வந்து, வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகிறது. மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் மணலைத் தள்ளி முகத்தைத் திறந்துவிடும். வெள்ளம் வடிந்து கோடை வந்தால் அலை கொண்டுவரும் மணல் அடைக்கும். அடைத்தால் குஞ்சு உள்ளே வர வழியில்லை, படகு வெளியே போக வழியில்லை. குப்பத்து ஆட்களே இறங்கி மண்ணை அள்ளிய ஆண்டுகள் உண்டு. இந்தக் கரையில் ஆண்டு முழுக்கக் கணக்கெடுத்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கேதான் அதிகம் நகர்கிறது. குறுக்கே துறைமுகத்துக்குக் கல் சுவர் எழுப்பினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். துறைமுக விரிவாக்கம் என்றாலே இந்தக் குப்பங்கள் பதறுவதற்குக் காரணம் அதுதான். அந்தப் பதற்றம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஏரிக்குள் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்குப் பாடு என்றொரு முறை இருப்பதையும் பெரியவர் சொன்னார். தலைக்கட்டு வாரியாக முறை வரும். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாது. "நாளைக்கு எங்க பாடு" என்று அவர் சொன்னபோது முகத்தில் ஒரு தெளிச்சி.

மத்தியானச் சாப்பாட்டை ஊருக்குள் வந்து சாப்பிட்டேன். நண்டுக் குழம்பு, இறால் தொக்கு. பனையோலையில் பெண்கள் முடைந்த மூடிப் பெட்டி ஒன்று வாங்கினேன். சாயம் ஏற்றிய ஓலையின் மணம் இன்னும் போகவில்லை. திரும்பவும் ஒருமுறை பாலத்துக்குப் போனேன். ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் பெண்கள் நின்ற இடத்தில் இப்போது நீர் கூடியிருந்தது. முகம் பக்கமிருந்து பைபர் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. கரையில் ஏலக்காரரின் குரல் எழுந்தது.