மூக்கில் ஈயம்

பிளாஸ்டிக் விமானக் கிட்டுக்குள் வரும் செய்முறைத் தாளை எழுதியவர் ஆடி மாதத்தில் பாளையங்கோட்டைப் பக்கம் வந்திருக்க மாட்டார். காற்றோட்டமான இடத்தில் பெயின்ட் அடிக்கவும் என்று போட்டிருக்கிறார். செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் காற்று கொடியில் கிடக்கும் வேட்டியையே பக்கத்து வீட்டு மாடியில் கொண்டுபோய்ப் போடும். மிளகளவு பிளாஸ்டிக் துண்டு எம்மாத்திரம்? சித்திரை வைகாசியில் தொல்லை வேறு மாதிரி. இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடிப்பதற்குள் ஒட்டும் திரவம் ஆவியாகிவிடும். அது கோந்து அல்ல. பாலிஸ்டைரீனின் விளிம்பைக் கரைத்து, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக்காக்கும் கரைப்பான். அதனால் ஒட்டுகிற வேலை எனக்கு விடியற்காலையில்தான், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு.

இப்போது மேசையில் இருப்பது அஜீத். (“தல பேர்ல பிளேனா மாமா?” என்று தங்கை மகன் கேட்டாயிற்று.) பிரிட்டனில் பெட்டர் என்பவர் வடிவமைத்த ஃபாலண்ட் நேட் என்ற குட்டிப் போர் விமானத்தை உரிமம் வாங்கிப் பெங்களூரில் கட்டியது ஹெச்.ஏ.எல். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் ஜெட்டுகளோடு மோதிப் பேர் வாங்கியது அது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல் ஜித் சிங் சேகோன் ஏறிப்போனதும் நேட்தான். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. அதே விமானத்தைத் திருத்தி, இறக்கைக்குள்ளேயே எரிபொருள் தொட்டி வைத்தபோது அஜீத் ஆனது. 1991-இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நிஜ விமானமே இறக்கை முனைக்கு முனை ஏழு மீட்டர் தேறாது. ஆறடி ஆளை ஓர் அங்குலமாக்கும் 1/72 அளவில் அந்த இறக்கை பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

மூன்று சக்கர விமான மாடல்களில் ஒரு வில்லங்கம் உண்டு. மூக்குக்குள் பாரம் இல்லாவிட்டால் பல மாடல்கள் வால் தரையில் இடிக்கக் குந்திவிடும். அதற்குத் தூண்டில் ஈயக்குண்டு போதும். சுலோச்சன முதலியார் பாலத்துக்குக் கீழே ஆற்றில் தூண்டில் போடுகிறவர்கள் நரம்பில் கோக்கும் அதே குண்டு. ஆனால் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் அதை ஒட்டவே கூடாது. பசையிலிருந்து கசியும் அமிலம் ஈயத்தைத் தின்று, வெள்ளைப் பொடியாகப் பூக்கவைத்து, சில வருடங்களில் மூக்கையே பிளந்துவிடும். எபாக்ஸிதான் சரி. உடலின் இரண்டு பாதிகளையும் மூடி, இணைப்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் ஈயம் இருப்பதே தெரியாது.

பெயின்ட் காய்ந்த பிறகு டீகால். தண்ணீரில் ஊறிய காகிதத்திலிருந்து காவி, வெள்ளை, பச்சை வட்டத்தை வழுக்கி இறக்கையில் இறக்குவேன். ஒரு நொடி அது மிதக்கும். அதற்குள் பிரஷ் நுனியால் நகர்த்தி இடத்தில் நிறுத்தி, ஈரப் பஞ்சால் ஒற்ற வேண்டும். இதற்குப் போர்வெல் தண்ணீர் உதவாது. குடத்து அடியில் வெள்ளையாகப் படிகிற உப்பு, காய்ந்ததும் கரும்பச்சைப் பெயின்டின் மேல் அப்படியே கோலம் போட்டுவிடும். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும்போது ஒரு டம்ளர் பிடித்து வைத்துக்கொள்வேன். பொதிகைப் பாறைகளில் இறங்கிவரும் தாமிரபரணியில் உப்பு குறைவு. இதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்; சிரிக்கட்டும்.

எதிர்வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “பறக்குமாவே?”

எல்லாரும் கேட்பது இதைத்தான். அம்பாசமுத்திரம் மரச்செப்பு அடுப்பில் சோறு வேகுமா என்று இந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. விமானம் என்றால் மட்டும் பறந்தே ஆக வேண்டும்.

“பறக்காது அண்ணாச்சி. மூக்குல ஈயம் வச்சிருக்கு.”

“பறக்காத பிளேனுக்கு ஈயம் எதுக்குவே?”

“நிக்கதுக்குத்தான்.”