கூடிப் பழகாத குற்றம்

பட்டம் வாங்கிய கையோடு 2024-இல் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். ஆறு மாதத் தகுதிகாண் காலம். ஐந்தாம் மாதக் கடைசியில் வேலைநீக்கக் கடிதம் கொடுத்தார்கள். "சக ஊழியர்களோடு ஒன்றிப் பழகவில்லை" என்பது காரணம். வேலையில் குறை என்று ஒரு வரிகூட இல்லை.

நான் சைவம். மதியம் அவர்கள் ஒரே காரில் சாப்பிடப் போவார்கள்; நான் அம்மா கட்டித் தந்த சோற்றோடு உட்கார்ந்திருப்பேன். வெள்ளிக்கிழமை இரவு கரோக்கே. கிள்ளானுக்குக் கடைசி கொமுட்டர் ரயிலை விட்டால் என் கதி என்ன? பேச்செல்லாம் மாண்டரினில். சிரிப்பு வந்தால் நானும் சிரித்து வைப்பேன், எதற்கென்று தெரியாமலே.

"நீயும் கொஞ்சம் கலகலன்னு இருந்திருக்கலாம்லம்மா" என்றார் அம்மா. ஊரும் அதைத்தான் சொல்லும்.

ஆனால், என்னோடு சேர்ந்த இன்னொரு பெண்ணும் கரோக்கேவுக்குப் போனதில்லை, வீட்டில் கைக்குழந்தை. அவர் மாண்டரின் பேசுபவர். அவருக்கு வேலை நிரந்தரமானது. இதை இனப் பாகுபாடு என்று அடித்துச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. யாரும் என்னை ஒரு சொல் தவறாகப் பேசியதில்லை. அதுதான் இதில் உள்ள சங்கடம்.

பிரான்சில் ஒருவர், அலுவலகக் குடிவிருந்துக் கொண்டாட்டங்களில் சேர மறுத்ததற்காக 2015-இல் நீக்கப்பட்டார். அது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2023 ஜனவரி 1 முதல், பாகுபாட்டுப் புகாரைத் தொழிலாளர் இலாகா விசாரிக்கலாம் (வேலைச் சட்டம், 69எஃப் பிரிவு). பாகுபாடு என்றால் என்ன என்பதை மட்டும் சட்டம் வரையறுக்கவில்லை!

எனவே நான் பழைய வழியில் போனேன். 1967 தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. தம்பி தங்கையரே, இதைக் குறித்துக் கொள்ளுங்கள்: நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். தகுதிகாண் காலத்தில் இருப்பவரையும் நியாயமான காரணமின்றி நீக்க முடியாது. நான் 41-ஆம் நாள் கொடுத்தேன்.

சமரசப் பேச்சில் அதிகாரி மேலாளரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "இவர் வேலையில் என்ன குறை?" மேலாளர் கோப்பைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். பிறகு இரண்டு மாதச் சம்பளம் தருவதாகச் சொன்னார். கடிதத்திலுள்ள அந்த வரியையும் நீக்கித் தந்தால்தான் கையெழுத்திடுவேன் என்றேன். புதிய கடிதம் ஒரு வாரத்தில் வந்தது.