தெளுவு வழி

மேனாட்டார் திராட்சைத் தோட்டங்களினூடே வண்டியூர்ந்து, ஆங்காங்கே இறங்கி, அவ்வவ்வூர் மதுவைச் சுவைத்து, மாந்தரோடு அளவளாவிச் செல்லுதலைப் பேரின்பமாகக் கருதுவர். வேதத்தில் திராட்சைக் கொடியைப் பற்றி வாசித்திருப்பினும், நான் கண்டு வளர்ந்தது பனையே. சென்ற கோடை விடுமுறையில் நானும் என் வகுப்புத் தோழன் ஒருவனும் இளம்பிள்ளையிலிருந்து தாரமங்கலம் வரை மிதிவண்டியிற் சென்றோம். அவ்வழியிற் கண்டதை ஈண்டு உரைக்க விழைகின்றேன்.

இளம்பிள்ளை நெசவாளர் ஊர். தறியோசை கேளாத தெரு அங்கு அரிது. முதிய நெசவாளர் ஒருவர் எங்களைத் திண்ணையில் அமர்த்தி மோர் தந்தார். வழியில் தெளுவு கிடைக்குமா என வினவினோம். பிற இடங்களிற் பதநீர் எனப்படுவதையே எம் பக்கத்தார் தெளுவு என்பர். பெரியவர் நகைத்து, “1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், சென்னை மாகாணத்திலேயே முதலாவதாக நம் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கைக் கொணர்ந்தது. அந்த வாரந்தான் கூலி முழுதாக வீடு வந்தது என்று என் தாயார் சொல்லுவார்” என்றார்.

கஞ்சமலையைப் பின்னே விட்டுச் சிறிது தொலைவு சென்றதும், பனையடியில் மரமேறி ஒருவரைக் கண்டோம். வயது எழுபதுக்குக் குறையாது. பனையோலைப் பட்டையில் தெளுவை வார்த்துத் தந்து, “பாளை தருவது ஒன்றே, தம்பி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் தெளுவு, தடவாவிடில் சில நாழிகையில் நுரைத்துக் கள்ளாகிவிடும்” என்றார். நெசவாளர் கூறியதைச் சொன்னோம். “மெய்தான். ஆனால் கடை மூடிய நாளில் எங்கள் வீட்டு அடுப்பும் அணைந்தது என்பார் என் தகப்பனார். 1987 முதல் மறுபடியும் கள் இறக்கத் தடை. தெளுவுக்குத் தடையில்லை, ஏறத்தான் ஆளில்லை” என்றார்.

பின்னர் என்னை நோக்கி, “தம்பியின் தாத்தா என்ன தொழில்?” என வினவினார்.

“விவசாயம்” என்றேன்.

அவர் பட்டையை மீண்டும் நிரப்பினார். அப்பொழுது அவர் மார்பைக் கண்டேன். மரம் உராய்ந்து உராய்ந்து காய்த்துக் கறுத்திருந்தது. அத்தகைய மார்பின்மீதே நான் குழந்தையாய் உறங்கியிருக்கிறேன். சேரர் பனம்பூச் சூடிய பெருமையைத் தேர்வில் பக்கம் பக்கமாக வரைந்த நான், பனையேறிய என் பாட்டனைக் கல்லூரியில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிற் சிற்பங்களைத் தோழன் வியந்து நின்றான். என் மனம் அவற்றிற் செல்லவில்லை. அங்கேயே அவனிடம் உண்மையைக் கூறினேன். “இதையா மறைத்தாய்?” என்றான், வேறொன்றும் சொல்லவில்லை.

மாலையில் திரும்புங்கால் பெரியவர் மரத்தின்மேல் பாளை சீவிக்கொண்டிருந்தார். கீழே நின்று, “ஐயா! காலையிற் பொய் சொன்னேன். என் தாத்தாவும் மரமேறியே” என்று உரக்கக் கூறினேன்.

“அப்படியா! நாளுக்கு எத்தனை மரம் ஏறுவார்?” என்று மேலிருந்து வினா வந்தது.

எனக்குத் தெரியவில்லை. அதனை நான் கேட்டதே இல்லை.

அன்றிரவு வீடு சேர்ந்ததும் தாத்தாவிடம் கேட்டேன். “காலையில் முப்பது, மாலையில் முப்பது” என்று தொடங்கியவர், விளக்கணைத்த பின்னும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.